வாசலுக்கு வரும் வாரப் பத்திரிகையும் நமது கல்லாவும்

நமது சங்கக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி ஒன்று உண்டு. "உள்ளூர்ப் பத்திரிகைக்கு விளம்பரம் கொடுப்பதால் கடைக்கு ஒரு பைசா பயன் உண்டா?" என்பதே அது. கேட்பவர்களைக் குறை சொல்வதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நாமும் சூடு பட்டவர்கள்தான். வாரம் ஒருமுறை வீடு வீடாகப் போகும் பத்திரிகை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வந்தார். ஆறு மாத விளம்பரத்துக்கு மொத்தமாகப் பணம் கொடுத்தால் கால் பங்கு தள்ளுபடி என்றார். பஜாரில் பலரும் கொடுத்தோம். மூன்று இதழ்கள் வந்தன. நான்காவது இதழுக்குக் காத்திருந்தோம். ஆளும் வரவில்லை, பத்திரிகையும் வரவில்லை. ரசீது மட்டும் இன்னும் மேசை இழுப்பறையில் கிடக்கிறது.

அன்றிலிருந்து நம்மில் பலர், நோட்டீஸ் அடித்து நாளிதழில் மடித்து வைத்து அனுப்பினால் போதும், வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும் என்ற முடிவுக்கு வந்துவிட்டார்கள். ஆனால் இதே முயற்சி சென்னையில் ஒரு பேட்டையில் நிலைத்து நின்று, 30 ஆண்டுகளைக் கடந்து பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது நின்றதற்குக் காரணம் என்ன, மற்றவை விழுந்ததற்குக் காரணம் என்ன என்று தெரிந்துகொள்வது கடைக்காரர்களாகிய நமக்குத்தான் முதலில் தேவை. ஏனென்றால் அந்தப் பத்திரிகையை நடத்துவது வாசகர் கொடுக்கும் காசு அல்ல. கடைக்காரர் கொடுக்கும் காசு.

மாட வீதியில் பிறந்த பத்திரிகை

1994-ஆம் ஆண்டு வின்சென்ட் டிசோசா என்ற பத்திரிகையாளர் 'மயிலாப்பூர் டைம்ஸ்' என்ற ஆங்கில வார இதழைத் தொடங்கினார். நாளிதழில் பாதி அளவு, அதாவது டேப்ளாய்டு. விலை கிடையாது. மயிலாப்பூரையும் அதை ஒட்டிய பகுதிகளையும் சேர்ந்த வீடுகளுக்கு வாரக் கடைசியில் கொண்டுபோய்ப் போடப்படும். சந்தா கேட்டு யாரும் கதவைத் தட்டுவதில்லை.

சென்னைக்கு ஏற்கெனவே பெரிய நாளிதழ்கள் இருந்தன. 1991-லேயே எஸ். முத்தையா அவர்களை ஆசிரியராகக் கொண்டு 'மெட்ராஸ் மியூசிங்ஸ்' என்ற மாதமிருமுறை இதழும் வந்துகொண்டிருந்தது. ஆனால் அது சென்னை மாநகரம் முழுவதற்குமான, பழமையையும் பாரம்பரியக் கட்டடங்களையும் பற்றிக் கவலைப்பட்ட இதழ். மயிலாப்பூர் டைம்ஸின் எல்லை அதைவிட மிகச் சிறியது. கபாலீசுவரர் கோயிலின் நான்கு மாட வீதிகள், லஸ் முனை, கச்சேரி ரோடு, சாந்தோம், மந்தைவெளி, ஆழ்வார்பேட்டை என்று ஒருவர் மிதிவண்டியில் ஒரு காலைப் பொழுதில் சுற்றி வந்துவிடக்கூடிய வட்டம். இந்தச் சிறுமைதான் அதன் பலம் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

மாநகர நாளிதழுக்கு மயிலாப்பூரில் ஒரு தெருவில் மூன்று நாளாகக் குழாயில் தண்ணீர் வராதது செய்தியல்ல. அந்தத் தெருவில் குடியிருப்பவருக்கு அதைவிடப் பெரிய செய்தி அன்று வேறில்லை. பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் வீதியுலா அன்று எந்தெந்தத் தெருவில் வண்டி போகாது, பள்ளிக்கூட ஆண்டு விழா எப்போது, எந்தச் சபாவில் இந்த வாரம் யார் கச்சேரி, எங்கே புதிதாகக் கடை திறந்திருக்கிறார்கள், குப்பைத் தொட்டி ஏன் நகர்ந்துவிட்டது — இவைதான் இத்தகைய பத்திரிகையின் சரக்கு. வேறு எங்கும் கிடைக்காத சரக்கு என்பதால் வாங்குபவருக்கு அதன் மதிப்பு தெரியும். மளிகைக் கடை நடத்துபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெரிய சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காத பொருள் நம்மிடம் இருக்கும்வரை வாடிக்கையாளர் நம் படியேறுவார்.

தொண்ணூறுகளையொட்டி அடையாறு, மாம்பலம், அண்ணா நகர் என்று சென்னையின் பல பகுதிகளிலும் 'டைம்ஸ்' என்று முடியும் பெயர்களில் வாரப் பத்திரிகைகள் வந்தன. பின்னாளில் 'தி இந்து' போன்ற பெரிய நாளிதழே 'டவுன்டவுன்' என்ற பெயரில் பகுதிவாரியாக இணைப்பு போடும் நிலை வந்தது. பெரிய முதலாளி இறங்கி வந்து சிறு கடைக்காரரின் வாடிக்கையைப் பிடிக்க முயல்வது நமக்குப் பழகிய காட்சிதானே.

ஏன் அந்தக் காலத்தில்?

இந்தப் பத்திரிகைகள் எண்பதுகளில் ஏன் இவ்வளவு பெருகவில்லை என்று கேட்கலாம். முதல் காரணம் தொழில்நுட்பம். அச்சுக் கோத்த காலத்தில் எட்டுப் பக்கம் கோக்க ஆட்களும் எழுத்துகளும் இடமும் வேண்டும். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டி.டி.பி. முறை வந்தபின் ஒரு சிறு அறையில், ஒரு மேசையில் அந்த வேலை முடிந்தது. ஆஃப்செட் அச்சகத்துக்கு எடுத்துப் போனால் இரவோடு இரவாக அச்சாகி வந்துவிடும். முதல் போடும் தொகை சட்டென்று குறைந்தது.

அடுத்தது, 1991-க்குப் பிறகு மாறிய பொருளாதாரம். கடைகளில் சரக்கின் வகை பெருகியது. தனி வீடுகள் இடிக்கப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழும்பின. மூன்று குடும்பம் இருந்த மனையில் முப்பது குடும்பம் வந்தது. வந்தவர்களில் பாதிப்பேருக்கு எந்தக் கடை எங்கே என்று தெரியாது. நல்ல தச்சர் யார், எந்த டாக்டர் மாலையில் இருப்பார், எங்கே சீட்டுக் கிழியாமல் பலகாரம் கிடைக்கும் என்று சொல்லப் பக்கத்து வீட்டுப் பாட்டி இல்லை. அந்தப் பாட்டியின் வேலையைத்தான் வாரப் பத்திரிகை எடுத்துக்கொண்டது என்று சொன்னால் மிகையில்லை.

மயிலாப்பூருக்கு மேலும் ஒரு கொடுப்பினை இருந்தது. மார்கழியில் சங்கீத சீசன். பட்டுப்புடவைக் கடையும் நகைக் கடையும் கேட்டரிங் காரர்களும் அந்த ஒரு மாதத்தில் விளம்பரத்துக்குத் தாராளமாகச் செலவழிப்பார்கள். தீபாவளியும் சீசனும் சேர்ந்து, ஆண்டின் மந்த மாதங்களைத் தாங்கிப் பிடிக்கும். ஆடி மாத மந்தத்தை ஐப்பசி ஈடு செய்வதுபோல.

பத்திரிகை செய்தி போடுவதோடு நிற்கவில்லை. ஜனவரியில் மயிலாப்பூர் திருவிழா என்று ஒன்றை எடுத்து நடத்தத் தொடங்கினார்கள். சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் அதற்கு ஆதரவளித்தது. வடக்கு மாட வீதியில் நடுத்தெருவில் கோலப் போட்டி, கோயிலைச் சுற்றிக் கலை நிகழ்ச்சிகள், தெருக்களின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டு நடைப் பயணம் என்று நான்கு நாள் நடக்கும். மாட வீதிக் கடைகளுக்கு அந்த நாட்களில் வரும் கூட்டத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 2004-ல் ஆகஸ்ட் 22-ஆம் தேதியைச் சென்னை தினமாகக் கொண்டாடும் வழக்கத்தைத் தொடங்கியவர்களில் முத்தையா, சசி நாயர் ஆகியோருடன் டிசோசாவும் ஒருவர். 1639-ல் அந்தத் தேதியில் இடம் கைமாறியதை வைத்துக் கணக்கிட்ட நாள் அது. ஒரு சில நிகழ்ச்சிகளோடு தொடங்கியது, வாரக்கணக்கில் நீளும் கொண்டாட்டமாக வளர்ந்துவிட்டது.

இலவசம் என்பது புதிதல்ல

காசில்லாமல் கொடுக்கும் பத்திரிகைக்கு மதிப்பிருக்குமா என்ற ஐயம் நம்மவர்களுக்கு உண்டு. இந்த ஏற்பாட்டுக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வயது இருக்கிறது. ஜெர்மனியின் லூபெக் துறைமுக நகரில் 1882-ல் சார்லஸ் கோல்மன் என்பவர் விளம்பரத்தோடு செய்தியும் சேர்த்து வாரம் இருமுறை இலவசமாகப் பத்திரிகை கொடுத்தார். வீட்டுக்கே கொண்டுவந்து தர வேண்டுமானால் மட்டும் சிறு கட்டணம் என்று பின்னர் வைத்தார். சில ஆண்டுகளிலேயே அது நாளிதழாயிற்று. 1995-ல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரச் சுரங்க ரயில் நிலையங்களில் 'மெட்ரோ' என்ற இலவச நாளிதழ் தொடங்கிப் பல நாடுகளுக்குப் பரவியது. சொந்த நாட்டிலேயே 2019-ல் நின்றும் போனது.

நம்மவர் நடத்துவதையும் பார்க்கலாம். கனடாவில் டொரன்டோவை ஒட்டிய ஸ்கார்பரோ பகுதியில் ஈழத் தமிழர்கள் நடத்தும் வார இதழ்கள் தமிழ் மளிகைக் கடைகளின் வாசலில் அடுக்கி வைக்கப்பட்டு இலவசமாகக் கிடைத்துவந்தன. வீடு விற்பனைத் தரகர்கள், இன்சூரன்ஸ் முகவர்கள், நகைக்கடை, மண்டபம் என்று விளம்பரங்கள். அரிசி வாங்க வருபவர் பத்திரிகை எடுத்துப் போவார். பத்திரிகை எடுக்க வருபவர் கறிவேப்பிலையும் வாங்கிப் போவார். வீடு வீடாகப் போடும் செலவே இல்லை. கடையே விநியோக நிலையம்.

கணக்கைப் பார்ப்போம்

வணிகருக்கு வரலாற்றைவிடக் கணக்குதான் தெளிவாகப் புரியும். மாதிரிக்காக நாமே போட்ட கணக்கு இது. தொகைகள் ஊருக்கு ஊர் மாறும்.

எட்டுப் பக்க டேப்ளாய்டு, 10,000 பிரதிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரதிக்கு ஏறத்தாழ 19 கிராம் தாள் பிடிக்கும். கழிவோடு சேர்த்து வாரம் 200 கிலோ. கிலோ 60 ரூபாய் என்றால் தாளுக்கு மட்டும் 12,000 ரூபாய். பிரதி ஒன்றுக்கு 50 பைசா வீதம் விநியோகக் கூலி 5,000. இதன் மேல் பிளேட், மை, அச்சுக் கூலி, செய்தி எழுதுபவர் சம்பளம், அறை வாடகை, போன் பில் எல்லாம்.

வரவு எங்கே? பக்கத்துக்கு ஐந்து பத்தி, ஒவ்வொன்றும் 33 சென்டிமீட்டர் உயரம். ஆக ஒரு பக்கம் 165 பத்தி சென்டிமீட்டர். எட்டுப் பக்கம் 1,320. பாதியைச் செய்திக்கு விட்டுவிட்டால் விற்பனைக்கு 660. இரண்டு பத்தி அகலம், ஐந்து சென்டிமீட்டர் உயரம் என்றால் ஒரு விசிட்டிங் கார்டு அளவு விளம்பரம். அப்படி 66 விளம்பரம் பிடிக்கும். ஒன்றுக்கு 500 ரூபாய் வைத்தால் 33,000. தாளும் விநியோகமும் போக மிச்சம் 16,000 ரூபாயில் மற்ற எல்லாச் செலவும் அடங்க வேண்டும். அதுவும் 66 கடைக்காரரும் பில் தொகையைப் பாக்கி வைக்காமல் கொடுத்தால்! பத்திரிகைக்காரர் கடனில் மூழ்குவது பெரும்பாலும் இந்தப் பாக்கியில்தான் என்பதை நாம் மனச்சாட்சியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். "அடுத்த வாரம் வாங்க" என்று நாம் சொல்லி அனுப்பிய விளம்பரப் பையன்கள் எத்தனை பேர்!

தாள் விலை ஏறினால் என்ன ஆகும் என்பதும் இந்தக் கணக்கில் தெரியும். 2022-ல் உக்ரைன் போரையொட்டி உலகச் சந்தையில் செய்தித்தாள் காகிதத்தின் விலை இரண்டு ஆண்டுக்கு முன் இருந்ததைப் போல இரு மடங்குக்கு மேல் போனது. நமது மாதிரிக் கணக்கில் கிலோவுக்கு 30 ரூபாய் ஏறினால் வாரத்துக்கு 6,000 ரூபாய் கூடுதல் செலவு. பன்னிரண்டு கடைகளின் விளம்பரத் தொகை அப்படியே போய்விடும். விலை போட்டு விற்கும் பத்திரிகை என்றால் ஐம்பது பைசா ஏற்றலாம். இலவசப் பத்திரிகை யாரிடம் ஏற்றும்?

அதற்கு முன்பே இரண்டு அடிகள் விழுந்துவிட்டன. 'வீடு வாடகைக்கு', 'பழைய ஸ்கூட்டர் விற்பனைக்கு' போன்ற வரி விளம்பரங்கள்தான் உள்ளூர்ப் பத்திரிகையின் சில்லறை வரவு. அவை இணையத்துக்குப் போய்விட்டன. 2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது விளம்பரம் தரும் கடைகளே மூடிக் கிடந்தன. அந்நியர் கை பட்ட காகிதத்தை வீட்டுக்குள் எடுக்க மக்கள் அஞ்சினார்கள். ஆஸ்திரேலியாவில் பெரும் செல்வாக்குள்ள நியூஸ் கார்ப் நிறுவனம் அந்த ஆண்டு ஜூன் மாத இறுதியோடு நூற்றுக்கு மேற்பட்ட புறநகர், சிற்றூர்ப் பத்திரிகைகளின் அச்சுப் பதிப்பை நிறுத்தியது. அவ்வளவு பெரிய முதலாளிக்கே அந்த நிலை என்றால் ஒற்றை ஆளாக நடத்துபவர் எம்மாத்திரம்? மயிலாப்பூர் டைம்ஸ் இணையதளத்தையும் வைத்துக்கொண்டு அன்றாடம் செய்தி தரக் கற்றுக்கொண்டது. சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக மயிலாப்பூரின் முக்கியச் சாலைகளில் போக்குவரத்து மாற்றப்பட்ட காலத்தில், எந்தத் தெரு திறந்திருக்கிறது, எது ஒருவழி என்ற செய்திக்கு ஒரு வாரம் காத்திருக்க முடியாது அல்லவா.

ஏமாறாமல் இருக்க

நாம் பணம் இழந்த கதையை முதலில் சொன்னோம். அன்று சில விஷயங்களைப் பார்த்திருந்தால் தப்பியிருப்போம். 1867-ஆம் ஆண்டின் பத்திரிகை, நூல் பதிவுச் சட்டப்படி, பத்திரிகை நடத்துபவர் மாவட்ட நிர்வாகத்தின் முன் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. அச்சிடுபவர், வெளியிடுபவர், ஆசிரியர் பெயர்களும் அச்சிட்ட இடமும் ஒவ்வொரு இதழிலும் இருக்க வேண்டும். 1956 முதல் தில்லியில் பத்திரிகைப் பதிவாளர் அலுவலகம் பதிவு எண் கொடுத்து வந்தது. அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் இயற்றப்பட்ட புதிய சட்டம் 2024 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயர் பெறுவதும் பதிவு செய்வதும் இப்போது இணைய வழியாக ஒரே விண்ணப்பத்தில் முடிகிறது. பதிவுக்கு இனி அலைச்சல் இல்லை என்பதால், பதிவில்லாமல் வருபவர் சொல்லும் சாக்கை நாம் ஏற்க வேண்டியதில்லை.

ஆக, கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் அந்த இரண்டு வரியை முதலில் படியுங்கள். நமக்கு வந்த மூன்று இதழ்களையும் பின்னர் எடுத்துப் பார்த்தோம். அச்சகத்தின் பெயரே இல்லை.

பில் கேளுங்கள். அச்சு ஊடக விளம்பர இடத்துக்கு ஜி.எஸ்.டி. வந்த 2017-லேயே 5 சதவீதம் என்று வரி வைத்தார்கள். முறையான பில் இருந்தால், காம்போசிஷன் முறையில் இல்லாத வணிகர் அந்த வரியை வரவு எடுத்துக்கொள்ளலாம். அடுத்து, எத்தனை பிரதி அச்சாகிறது என்று கேட்பதோடு நிற்காமல் அச்சகத்தின் பில்லையும் காட்டச் சொல்லுங்கள். பெரிய பத்திரிகைகளின் விற்பனையைச் சரிபார்க்க 1948 முதல் ஏ.பி.சி. என்ற அமைப்பு இருக்கிறது. சிறு பத்திரிகைக்கு அந்தத் தணிக்கையை எதிர்பார்க்க முடியாது. நாமே ஒரு தெருவில் பத்து வீட்டுக் கதவைத் தட்டி, "இந்த வாரம் வந்ததா?" என்று கேட்டால் உண்மை தெரிந்துவிடும். கடைப் பையனை அனுப்பினால் அரைமணி வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆறு மாதப் பணத்தை முன்கூட்டிக் கொடுக்காதீர்கள். இதழ் வந்தபின் பணம். அதையும் பாக்கி வைக்காமல்.

சொல்லத் தயங்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறோம். விளம்பரம் கொடுப்பவர் நாம் என்பதால் நம்மைப் பற்றி எழுதக்கூடாது என்று நினைப்பவர்கள் நம்மில் உண்டு. நடைபாதையில் பெட்டிகளை அடுக்கி வைத்து, முதியவர்கள் சாலையில் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு பத்திரிகை படம் போட்டால், அடுத்த வாரம் விளம்பரத்தை நிறுத்திவிடுவோம். அப்படி நிறுத்தினால் அது நாளடைவில் வெறும் நோட்டீசாகிவிடும். நோட்டீசுக்கு என்ன கதி என்று நமக்கே தெரியும். நாளிதழை உதறும்போதே அது கீழே விழுந்துவிடுகிறது. வாசகர் நம்பிப் படிக்கும் பக்கத்தில் இருப்பதால்தான் நம் விளம்பரத்துக்குக் கண் கிடைக்கிறது. நமக்கு வலித்தாலும் இது உண்மை.

நெய்வேலிக்குப் பொருந்துமா?

மயிலாப்பூர் நூற்றாண்டுகளாக வளர்ந்த ஊர். நெய்வேலியோ 1956-ல் நிறுவனம் அமைந்து, 1957 மே 20 அன்று நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்து, 1961-ல் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்ட, வட்டம் வட்டமாக வரைபடம் போட்டுக் கட்டப்பட்ட ஊர். முதலாவதற்கு மாட வீதி என்றால் நமக்கு வட்ட எண். ஆனால் வாரப் பத்திரிகைக்கு வேண்டிய ஒரு தன்மை நம்மிடம் மிகுதியாகவே உண்டு. எல்லை தெளிவாக இருக்கிறது. ஆர்ச் கேட்டிலிருந்து உள்ளே வந்தால் எந்த வட்டத்தில் எத்தனை வீடு என்பது எல்லோருக்கும் தெரியும். விநியோகிக்கும் பையன் தெரு தேடி அலைய வேண்டியதில்லை.

தண்ணீர், மின்சாரம், தெருவிளக்கு, குடியிருப்பு ஒதுக்கீடு என்று அன்றாட வாழ்வில் பெரும்பகுதி நிறுவனத்தின் நகர நிர்வாகத்தைச் சார்ந்தது. இந்தச் செய்திகள் கடலூர்ப் பதிப்பு நாளிதழில் ஒரு மூலையில் வந்தால் உண்டு, இல்லையென்றால் இல்லை. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது நமது நிழல் மரங்கள் எத்தனை சாய்ந்தன என்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். மாவட்டத்துச் சேதத்தை நாளிதழ்கள் எழுதின. எந்த வட்டத்தில் எப்போது மின்சாரம் வரும், மெழுகுவர்த்தியும் பால் பவுடரும் எந்தக் கடையில் இருக்கின்றன என்பதை வாய்வழியாகத்தான் தெரிந்துகொண்டோம். ஊருக்கே மின்சாரம் தரும் ஊரில் மெழுகுவர்த்திக்கு வரிசை.

படிக்கும் பழக்கமும் இங்கு குறைவில்லை. 1998-ல் தொடங்கிய நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு வரும் கூட்டமே அதற்குச் சாட்சி. சம்பள நாள், தீபாவளி போனஸ் என்று பணம் புழங்கும் நாட்களும் நமக்கு முன்கூட்டியே தெரியும். மயிலாப்பூருக்கு மார்கழி என்றால் நமக்கு ஐப்பசி.

பாதகங்களையும் மறைக்கக் கூடாது. ஓய்வு பெறுபவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சொந்த ஊருக்கோ, வடக்குத்து, இந்திரா நகர் பக்கமோ போய்விடுகிறார். அவரது இடத்துக்கு நிரந்தரப் பணியாளர் ஒருவர் குடும்பத்தோடு வருவார் என்ற நிலை இப்போது இல்லை. பூட்டிய வீடுகள் கூடிக்கொண்டு வருகின்றன. நகரிய வீடுகளை மட்டும் நம்பி ஒரு பத்திரிகை நடக்காது. மந்தாரக்குப்பத்தையும் வடக்குத்தையும் இந்திரா நகரையும் சேர்த்தால்தான் 10,000 பிரதிக்கு நியாயம் கிடைக்கும். அங்குள்ள வணிகர்களும் நம்மவர்களும் ஒரே பக்கத்தில் விளம்பரம் கொடுக்கத் தயாராக இருக்க வேண்டும். இதில் சிலருக்கு மனத்தடை இருக்கிறது என்பதை நாம் அறிவோம். கேட்டுக்கு வெளியே விலை குறைவு என்று வாடிக்கையாளர் போய்விடுவார் என்பது பயம். அவர் ஏற்கெனவே கைபேசியில் ஆர்டர் போட்டு, எங்கிருந்தோ வரும் பார்சலை வாசலில் நின்று வாங்கிக்கொண்டிருக்கிறார். கேட்டுக்கு உள்ளே இருப்பவரும் வெளியே இருப்பவரும் அதைச் சேர்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

மொழி தமிழாகத்தான் இருக்க வேண்டும். மயிலாப்பூரில் ஆங்கிலம் செல்லுபடியானது. நமது சுரங்கத் தொழிலாளியின் வீட்டில் எல்லோரும் படிக்க வேண்டுமானால் தமிழ்தான் வழி. வீடு வீடாகப் போடுவதோடு ஸ்கார்பரோ வழக்கப்படி, கல்லாவுக்குப் பக்கத்தில் ஐம்பது பிரதி வைத்துக்கொள்ள ஒவ்வொரு கடைக்காரரும் இசைந்தால் விநியோகக் கூலியில் கணிசமாக மிச்சமாகும். பணி முறை மாறி மாலையில் வீடு திரும்புபவர் கடையில் எடுத்துக்கொள்வார்.

யார் நடத்துவது என்ற கேள்வி இருக்கிறது. சங்கமே நடத்த வேண்டும் என்று சிலர் கூறுகிறார்கள். நமக்கு அதில் உடன்பாடில்லை. சங்கம் நடத்தினால் நிர்வாகிகளின் படம்தான் வாரா வாரம் முதல் பக்கத்தில் வரும். எழுதத் தெரிந்த, ஊரில் குடியிருக்கிற ஒருவர் தம் பொறுப்பில் நடத்தட்டும். நாம் விளம்பரதாரர்களாக மட்டும் இருப்போம். மாதிரிக் கணக்கின்படி அவருக்கு வாரம் 66 கடைகள் வேண்டும். மாதம் ஒருமுறை மட்டும் கொடுக்க முடிந்தவர்களைச் சுற்றுமுறையில் வைத்தால் 264 கடைகள். மெயின் பஜார், வட்டக் கடைகள், மந்தாரக்குப்பம், இந்திரா நகர் எல்லாம் சேர்த்தால் இது எட்ட முடியாத எண்ணிக்கை அல்ல.

இது பற்றி உறுப்பினர்கள் தங்கள் கருத்தையும், மாதம் எவ்வளவு தொகை ஒதுக்க முடியும் என்பதையும், கடையில் பிரதிகள் வைத்துக்கொள்ளச் சம்மதமா என்பதையும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அடுத்த இதழுக்குள் சங்க அலுவலகத்துக்கு அனுப்பக் கேட்டுக்கொள்கிறோம். முன்பணம் எதுவும் வேண்டாம்.